அக்குளில் ஒரு வெங்காயம்!

"அண்ணே, உண்மையைச் சொல்லு... உனக்கு கேம்ப்ல நெஜமாவே காய்ச்சல் வந்துச்சா?"

சனிக்கிழமை ராத்திரி, கோயமுத்தூர் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு சப்பாத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போனில் வந்து விழுந்தது இந்தக் கேள்வி. கேட்டது பாப்பா. பாப்பான்னா கைக்குழந்தை எல்லாம் இல்லீங்க... என் தங்கச்சி. எட்டாவது பரீட்சை எழுதி முடிச்சாச்சு, வயசு 13. வீட்டுல இன்னமும் பாப்பாதான். அவளுக்கே அது பிடிக்கலங்கிறது தனிக்கதை.

"திடீர்னு ஏன் கேக்குற?" என்று நான் சமாளிக்க, விஷயத்தைக் கொட்டிவிட்டாள்.

ஸ்கூலில் என்.சி.சி-யில் இருக்கிறாள். பத்து நாள் கேம்ப். வீட்டை விட்டு, அம்மாவை விட்டு, தலகாணியை விட்டு பத்து நாள். புதன்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்துப் போட்ட ஃபாரமும், டாக்டர் குடுத்த ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட்டும் தரணும். இதுல காமெடி என்னன்னா, எங்க அப்பா திருமங்கலத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். அவளோட செட்டுல எல்லாருக்கும் அந்த ஃபாரத்தைக் காப்பி எடுத்துக் குடுத்தது அவர்தான். எல்லாப் பிள்ளைங்களும் கையெழுத்து வாங்கிக் குடுத்தாச்சு. கடைக்காரர் பொண்ணோட ஃபாரம் மட்டும் ஃப்ரிட்ஜ் மேல தூங்குது.

"அம்மா வேணாங்கிறாங்க. 'ஆம்பளப் பையன், உங்கண்ணனுக்கே அந்தத் தண்ணி ஒத்துக்காம காய்ச்சல் வந்து மூணாம் நாளே வந்துட்டான், நீ எப்படிடீ இருப்ப'ன்னு கேக்கறாங்க."

"அப்பா?"

"'உன் இஷ்டம்'கிறாரு. ஆனா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு."

"உனக்குப் போகணுமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "தெரியலண்ணே. போகணும்னு இருக்கு. ராத்திரி நெனச்சா வேணாம்னு இருக்கு. அதான் உன்கிட்ட கேக்குறேன். நெஜமாவே காய்ச்சலா?"

"நாளைக்குச் சொல்றேன்"னு போனை வெச்சுட்டேன். சப்பாத்தி அதுக்கப்புறம் இறங்கலை.

நண்பர்களே, உங்ககிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. காய்ச்சல் எல்லாம் வரல. வெங்காயம்தான் வந்துச்சு!

ஏழு வருஷத்துக்கு முன்னாடி நானும் எட்டாவது. நானும் என்.சி.சி. காக்கி ட்ரெஸ், சிவப்பு ஹேக்கிள் வெச்ச தொப்பின்னு கண்ணாடி முன்னாடி நின்னு சல்யூட் அடிச்ச பார்ட்டி. திண்டுக்கல் பக்கம் ஒரு காலேஜ்ல கேம்ப். எனக்கு யாரும் 'போறியா, வேணாமா'ன்னு கேக்கவே இல்ல. 'பையன்னா நாலு இடம் போய்ப் பழகணும்'னு அப்பா முடிவு பண்ணினார். அம்மா முறுக்கு சுட்டாங்க. அவ்வளவுதான். பஸ் ஏத்திவிடும்போது அப்பா என் தலையைக் கோதிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "பிடிக்கலன்னா சார் போன்ல ஒரு வார்த்தை சொல்லு தம்பி. ரெண்டு மணி நேரத்துல வந்து நிப்பேன்."

எவ்வளவு பாசமான அப்பா! ஆனா அந்த வாக்கியம்தான் எனக்கு வில்லன். அது அப்போ தெரியல.

கேம்ப் எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்கு... கிளாஸ் ரூம்ல பெஞ்சை எல்லாம் வெளிய தள்ளிட்டு, தரையில வரிசையா ஜமக்காளம். ஒரு ரூமுக்கு இருபது இருபத்தஞ்சு பேர். காலையில அஞ்சு மணிக்கு விசில். கண்ணைத் திறக்கிறதுக்குள்ள டம்ளரைத் தூக்கிட்டு டீக்கு ஓடணும். அப்புறம் பி.டி., அப்புறம் டிரில். கமாண்ட் எல்லாம் ஹிந்தியில. 'சாவ்தான்', 'விஷ்ராம்' வரைக்கும் ஓகே. 'தாஹினே முட்'னு சொன்னா பாதிப் பேர் இடது பக்கம் திரும்பி, எதிர்ல திரும்பினவனோட மூக்கும் மூக்கும் முட்டிக்கும். குளிக்கிறது தொட்டியச் சுத்தி நின்னு, மக் போட்டிபோட்டு. சாப்பாட்டுக்கு தட்டோட க்யூ, சாப்பிட்டதும் தட்டு கழுவ இன்னொரு க்யூ.

பகல் எல்லாம் பிரச்னை இல்லீங்க. ஓடுற ஓட்டத்துல வீடு ஞாபகமே வராது. பத்து மணிக்கு விளக்கை அணைச்சதும்தான் ஆரம்பிக்கும். மேல ஃபேன் 'டக்... டக்'னு சுத்தும். எங்க வீட்டு ஃபேன் 'கிரீச்... கிரீச்'. அந்த 'கிரீச்' இல்லாம எனக்குத் தூக்கம் வராதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. இந்நேரம் அம்மா பால் உறை ஊத்திட்டு இருப்பாங்க, ஆறு வயசு பாப்பா என் பாய்ல குறுக்கால படுத்திருப்பான்னு ஒவ்வொண்ணா படமா ஓடும். தொண்டையில ஏதோ அடைக்கும்.

அப்போ காதுக்குள்ள அப்பா குரல்: 'பிடிக்கலன்னா ஒரு வார்த்தை சொல்லு.'

அதுக்கப்புறம் நான் கேம்ப்ல இருந்ததை விட, கேம்ப்புக்கு மார்க் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சாம்பார்ல உப்பு ஜாஸ்தி... இது 'பிடிக்கல' கணக்குல வருமா? டிரில்ல திட்டு விழுந்துச்சு... இது வருமா? கால்ல ஷூ கடிச்சிடுச்சு... இது கண்டிப்பா வரும்! வீட்டுக்குப் போற கதவு தெறந்தே இருக்குன்னு தெரிஞ்சா, மனசு அந்தக் கதவையேதான் பாத்துட்டு இருக்கும் போல.

என் பக்கத்துப் படுக்கை கம்பம் பக்கத்துப் பையன். முதல் ராத்திரி என்னைவிட ஜாஸ்தியா அழுதவன் அவன்தான். போர்வைக்குள்ள விசும்பல் கேட்டு, "டேய், நீயும் வீட்டுக்குப் போன் பண்ணச் சொல்லேன்"னு கிசுகிசுத்தேன். "எங்க வீட்டுல வர்றதுக்கு ஆள் இல்லடா. அம்மா தோட்ட வேலைக்குப் போயிரும்"னான். மூக்கை உறிஞ்சிட்டுத் திரும்பிப் படுத்துட்டான். எனக்கு அவன் மேல பரிதாபமா இருந்துச்சு. பரிதாபப்பட வேண்டியது யார் மேலன்னு புரிய ரொம்ப நாள் ஆச்சு.

ரெண்டாம் நாள் சாயந்திரம் எங்க செட்டுக்கு மெஸ் ட்யூட்டி. சாக்கு நிறைய சின்ன வெங்காயம். உரிக்கணும். உரிக்கும்போதுதான் ஸ்கூல் வரலாற்றின் மாபெரும் மூடநம்பிக்கை ஞாபகம் வந்துச்சு. அக்குள்ள வெங்காயம் வெச்சா காய்ச்சல் வரும்! நீங்களும் ட்ரை பண்ணியிருப்பீங்க, மறைக்காதீங்க. பெருசா ரெண்டைப் பொறுக்கி பாக்கெட்ல போட்டேன். ராத்திரி முழுக்க ரெண்டு கையையும் இறுக்கிக்கிட்டு, அட்டென்ஷன்ல நிக்கிறவன் மாதிரியே படுத்திருந்தேன்.

காலையில உடம்பு ஐஸ் மாதிரி இருந்துச்சு. வெங்காயம்தான் சூடாயிருந்தது.

ஆனாலும் விடலையே! பி.டி-க்குப் போகாம முனகிட்டே படுத்திருந்தேன். எங்க என்.சி.சி. சார் வந்து நெத்தியில கை வெச்சார். குனிஞ்சார். ஒரு நொடி மூக்கைச் சுருக்கின மாதிரி இருந்துச்சு. என்னை எம்.ஐ. ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் தெர்மாமீட்டர் வெச்சாங்க. நார்மல். "வயிறும் வலிக்குது சார்... அப்பாகிட்ட பேசணும்"னேன். சார் எதுவும் சொல்லாம போனை அழுத்திக் குடுத்தார்.

ரெண்டு மணி நேரம்னு சொன்ன அப்பா, ஒண்ணே முக்கால் மணி நேரத்துல வந்து நின்னார். 'உடல்நலக் குறைவு காரணமாக' என்று லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டார். மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி புரோட்டா வாங்கித் தந்தார். நாலு சாப்பிட்டேன். காய்ச்சக்காரன் நாலு புரோட்டா சாப்பிடுவானான்னு அவர் கேக்கவே இல்ல.

அஞ்சாம் நாள் ஃபயரிங். பாயின்ட் டூ டூ ரைஃபிள்ல சுடுறதுக்காகவே என்.சி.சி-யில சேர்ந்தவன் நான். என் செட்டுல எல்லாரும் சுட்டாங்க. நான் வீட்டுல ரசம் சாதம் சாப்பிட்டுட்டு இருந்தேன். கேம்ப் முடிக்காததால அடுத்த வருஷம் 'ஏ' சர்ட்டிஃபிகேட் பரீட்சையும் எழுத முடியல. பசங்க திரும்பி வந்து சொன்ன கதையில என்னை ரொம்பக் குத்தினது எது தெரியுமா? அந்தக் கம்பத்துப் பையன் கடைசி நாள் கேம்ப் ஃபயர்ல மேடையேறி கானா பாடி, ஒன்ஸ்மோர் வாங்கினானாம்.

பாப்பா போனை வெச்ச ராத்திரி தூக்கம் வராம, நெட்ல இதைப் பத்தியே தேடிக்கிட்டு இருந்தேன். (மறுநாள் மெஷின்ஸ் டெஸ்ட். அது வேற துக்கம்.) பத்து நாள் கேம்ப்புக்கே நாம இந்த அலம்பல் பண்றோம். அமெரிக்காவுல சின்னப் பிள்ளைங்க கோடை லீவுல வாரக்கணக்கா கேம்ப்ல தங்குறது சாதாரணம். 1861-ல கனெக்டிகட்ல கன்னுன்னு ஒரு பள்ளி ஆசிரியர் தன்னோட பசங்களை நடத்தியே கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய் கூடாரம் போட்டு ஆரம்பிச்ச சமாச்சாரம் அது. சாரணர் இயக்கத்தோட பேடன் பவல் இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல சுமார் இருபது பசங்களை வெச்சு முதல் கேம்ப் போட்டது 1907-ல. நம்ம என்.சி.சி. 1948-ல வந்தது. அப்போ, இத்தனை வருஷமா எத்தனை லட்சம் பிள்ளைங்க போர்வைக்குள்ள அழுதிருக்கும்!

அதுக்கும் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2007-ல வீட்டு ஏக்கத்தைப் பத்தியே ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கு. வீட்டை விட்டுப் போற பிள்ளைக்கு ஏக்கம் வர்றது இயல்பு, நோய் இல்லை. போறதா வேண்டாமாங்கிற முடிவுல பிள்ளைக்கும் பங்கு குடுங்க. முன்னாடியே சொந்தக்காரங்க வீட்டுல ரெண்டு நாள் தங்கவெச்சுப் பழக்குங்க. உங்க கவலையைப் பிள்ளை மேல ஏத்தாதீங்க. இதெல்லாம் சரி. இன்னொரு விஷயத்தைப் படிச்சதும்தான் நிமிர்ந்து உக்காந்தேன். 'பிடிக்கலன்னா வந்து கூட்டிட்டு வந்துடறேன்'னு மட்டும் முன்கூட்டியே வாக்கு குடுத்துடாதீங்க. உன்னால சமாளிக்க முடியாதுன்னு நீங்களே அதுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

எங்கப்பா வாக்கியம்! அப்படியே அச்சு அசலா! திருமங்கலத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னதை அமெரிக்கா வரைக்கும் காப்பி எடுத்திருக்காங்க.

அதனால என் மேல தப்பில்லன்னு ஆயிடுமா? வெங்காயம் வெச்சது அப்பா இல்லையே. அதைவிடப் பெரிய சிக்கல், அன்னிக்கு நான் சொன்ன பொய் இன்னிக்கு என் தங்கச்சி ஃபாரத்தை ஃப்ரிட்ஜ் மேலயே உக்கார வெச்சிருக்கு. 'கேம்ப் தண்ணி சரியில்ல', 'அங்க போனா காய்ச்சல் வரும்' அப்படின்னு எங்க வீட்டுல ஏழு வருஷமா ஓடுற கதைக்கு ரைட்டர், டைரக்டர் ரெண்டுமே நான்தான். போன்ல சொல்ல தைரியம் வரல. ஞாயித்துக்கிழமை காலையில பஸ் ஏறிட்டேன். கோயமுத்தூர் பஸ்ஸும் அதே ஆரப்பாளையத்துலதான் இறக்கிவிடுது. அந்தப் புரோட்டாக் கடையைத் திரும்பிப் பாக்காம நடந்தேன்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உக்காந்தப்ப சொன்னேன். "அம்மா, எனக்குக் கேம்ப்ல காய்ச்சல் எல்லாம் வரல. அழுகையா வந்துச்சு. அதான் வந்துட்டேன்." வெங்காயத்தையும் சேத்தே சொல்லிட்டேன்.

அம்மா கரண்டியை அப்படியே வெச்சுட்டாங்க. "ஏழு வருஷமா அந்தக் காலேஜ் தண்ணியத் திட்டிட்டு இருக்கேனேடா! யார் யாருகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன்!"

கட்டில்ல இருந்து அப்பத்தா குரல். "பச்சப்புள்ள பொய்யா சொல்லுச்சு? அது ஏக்கக் காய்ச்சத்தேன். மேலுக்குச் சுடாது, உள்ள சுடும். நான் அன்னைக்கே துன்னூறு போட்டேன்."

அப்பத்தாவை லேசா நினைச்சுடாதீங்க. 1688-ல ஹோஃபர்னு ஒரு ஸ்விஸ் மருத்துவ மாணவர், ஊரை விட்டுப் போன ஆளுங்க ஊர் நினைப்புலயே படுத்த படுக்கையா ஆகிறதைப் பத்தி ஆய்வு எழுதி, அதுக்கு 'நாஸ்டால்ஜியா'ன்னு பேர் வெச்சார். கிரேக்கத்துல வீடு திரும்புறது, வலி... ரெண்டு வார்த்தையையும் ஒட்டவெச்ச பேர். எங்க அப்பத்தா அதையே ஏக்கக் காய்ச்சல்ங்கிறா. திருநீறு மட்டும்தான் எக்ஸ்ட்ரா.

பாப்பா சிரிக்கவே இல்ல. என்னையே பாத்துட்டு இருந்தா. "வெங்காயம் வெக்காம இருந்திருந்தா, பத்து நாளும் இருந்திருப்பியாண்ணே?"

"தெரியல பாப்பா. முத ரெண்டு ராத்திரிதான் ரொம்பக் கஷ்டமாம். அதுக்கு மேல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நான்தான் வந்துட்டேனே."

அதுக்கப்புறம் கேள்வியா கேட்டுத் தள்ளினா. பாத்ரூம் உள்ள இருக்குமா, வெளிய இருக்குமா? ராத்திரி தனியாப் போகணுமா? பீரியட்ஸ் வந்துட்டா என்ன பண்றது? எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். கேர்ள்ஸ் கேம்ப்புக்குப் பெண் ஆபீசர்ஸ் இருப்பாங்க, உங்க மிஸ்ஸுகிட்ட நாளைக்கே கேளுன்னு சொன்னேன். 'போ'ன்னோ 'போகாத'ன்னோ மட்டும் நான் சொல்லல. நாக்கு நுனி வரைக்கும் 'போ'தான் வந்து நின்னுச்சு. ஆனா எனக்குக் கிடைக்காத ரைஃபிளை அவ கையால சுட நினைக்கிறேனோன்னு ஒரு சந்தேகம். முழுங்கிட்டேன்.

சாயந்திரம் கடையில அப்பாகூட உக்காந்திருந்தேன். கூட்டம் இல்ல. மெஷினைத் துணியால துடைச்சிட்டே, என்னைப் பாக்காமலே சொன்னார்.

"உனக்குக் காய்ச்சல் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. உங்க சார் போன்ல சொல்லிட்டாரு. 'பையனுக்கு ஒண்ணுமில்ல, ரெண்டு நாள் விடுங்க, சரியாயிடுவான்'னாரு."

"அப்புறம் ஏம்ப்பா வந்தீங்க?"

"ரெண்டு நாளா கடையிலயே உக்கார முடியல. நீ எப்ப கூப்பிடுவன்னு போனையேதான் பாத்துட்டு இருந்தேன்."

ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்கான காரணம் அப்பதான் விளங்குச்சு. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம, பேப்பர் கட்டைப் பிரிச்சு ட்ரேல அடுக்கினேன்.

திங்கள்கிழமை நான் கோயமுத்தூர் திரும்பிட்டேன். பாப்பா ஸ்கூல்ல அவங்க மிஸ்கிட்ட பேசி, ஃபாரம் குடுக்க நாலு நாள் கூடுதலா டைம் வாங்கியிருக்கா. அந்த நாலு நாள்ல ரெண்டு ராத்திரி உசிலம்பட்டியில அத்தை வீட்டுல தனியாப் போய்த் தங்கினா. அது அவளோட சொந்த ஐடியாதான், அமெரிக்க அறிக்கையைப் பத்தி நான் அவகிட்ட மூச்சு விடல. முதல் ராத்திரி ஒன்பதரைக்கு எனக்குப் போன் பண்ணி, "சும்மாதான்"னா. பின்னாடி அத்தை வீட்டு ஃபேன் சத்தம் கேட்டுச்சு. நானும், "சும்மாதான்"னேன். ரெண்டாம் ராத்திரி போன் வரல. நான்தான் பதினோரு மணி வரைக்கும் முழிச்சிருந்தேன்.

திரும்பி வந்ததும் ஃப்ரிட்ஜ் மேல இருந்த ஃபாரத்தை எடுத்து அப்பா முன்னாடி நீட்டியிருக்கா. "போறேன்ப்பா. ஆனா ஒரு கண்டிஷன். 'பிடிக்கலன்னா வந்து கூட்டிட்டு வர்றேன்'னு மட்டும் சொல்லக் கூடாது. உடம்புக்கு ஏதாவதுன்னா மிஸ்ஸே உங்களைக் கூப்பிடுவாங்க."

அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா மறுபடியும் முறுக்கு சுட்டாங்க. டிரங்குப் பெட்டி மேல ஒயிட் பெயிண்ட்டால அவளே தன்னோட முழுப் பேரையும் கொட்டை எழுத்துல எழுதிக்கிட்டா. என் பங்குக்கு நாலு போஸ்ட் கார்டு வாங்கி, அட்ரஸ் எழுதி அனுப்பிவெச்சேன். கிளம்புற அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல அப்பா வாயைத் திறக்கவே இல்லையாம். அம்மாதான் சொன்னாங்க. தலையைக் கோதிட்டு, ஜன்னல் வழியா ஒரு பாக்கெட் கடலை மிட்டாயைத் திணிச்சுட்டு விறுவிறுன்னு கடைக்குப் போயிட்டாராம்.

இதை எழுதிட்டு இருக்கும்போது அவளுக்கு கேம்ப்ல ஏழாவது நாள். இன்னிக்கு மத்தியானம் ஹாஸ்டல் வார்டன் ரூம்ல எனக்கு ஒரு போஸ்ட் கார்டு கிடந்துச்சு. நாலாம் நாள் எழுதினது. அப்படியே தர்றேன்:

'அண்ணே, எங்க ரூம்ல 22 பேர். பாத்ரூம் வெளியதான், ஆனா லைட் இருக்கு. முதல் நாளும் ரெண்டாம் நாளும் அழுதேன். என்கூட இன்னும் ஆறு பேர் அழுதாங்க. நேத்து யாரும் அழல. என்னைப் பாத்திரம் கழுவப் போட்டிருக்காங்க, வெங்காயம் பக்கமே விடல. நாளைக்கு ஃபயரிங். அழுததை அம்மாகிட்ட சொல்லாத.'

அம்மாகிட்ட சொல்லாதன்னுதானே எழுதியிருக்கா? பத்திரிகையில எழுதாதன்னு சொல்லலையே!